கண்ணாடியம்மா நடத்திய கண்காட்சி

டயாலிசிஸ் பிரிவின் கதவைத் தள்ளுவதற்கு முன் அம்மா லிஃப்ட் பக்கம் ஒதுங்கி நிற்கிறாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று பாதித் தண்ணீரைக் குடிக்கிறாள். பாட்டிலைத் துணியில் சுற்றிப் பையின் அடியில் புதைக்கிறாள். உதட்டைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே போகிறாள். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. அவர்கள் முன்னால் அவள் குடிக்கமாட்டாள். தொண்டை வறண்டால் எழுந்து வெளியே வருவாளே தவிர, பாட்டில் மூடி திருகும் சத்தம்கூட உள்ளே கேட்காது.

செவ்வாய், வியாழன், சனி. இவை அப்பாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்த நாட்கள். அப்பா இறந்து அரை வருடம் ஆகிறது. அம்மா இன்னும் போகிறாள்.

புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் ஒருமுறை கேட்டிருக்கிறாள். “யாருக்கும்மா வந்திருக்கீங்க?”

“எல்லாருக்கும்தான்.”

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. நாலாம் நம்பர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு ஸ்டூல் கிடக்கிறது. அது அம்மாவின் இடம். அந்த நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கிறார். முப்பத்தைந்து வயதிருக்கும். வந்த நாள் முதல் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொள்கிறார். தன் பக்கத்தில் தனக்கு உறவே இல்லாத ஒரு அம்மாள் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர் கேட்டதில்லை. அம்மாவும் சொன்னதில்லை.

அம்மாவின் தொழில் கண்ணாடி. கண் சோதிப்பது டாக்டர் வேலை. லென்ஸ் தயாராகி வந்ததும் அதை ஆளின் முகத்தில் உட்கார வைப்பது அம்மாவின் வேலை. காதுக் கம்பியைச் சூடான மணலில் செருகி எடுத்து, விரலில் வளைத்து, மாட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி வளைப்பாள். ஓய்வு பெறும்வரை ஒரே கடையில் இதைத்தான் செய்தாள். கடையை விட்டு வந்தாலும் வேலை விடவில்லை. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. “குடுங்க தம்பி, ஒரு நிமிஷம்” என்று கையை நீட்டிவிடுவாள். கொடுத்தவர்கள் திகைத்துப்போய், மங்கலான உலகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

முகங்களை அவள் அடையாளம் வைத்துக்கொள்ளும் விதமே வேறு. பெயர் மறந்துவிடும். மூக்குத்தண்டு மறக்காது. “அந்த அகல மூக்குக்காரரு இன்னிக்கு வரலயே” என்பாள். எங்கள் மாடிவீட்டுக்காரரைப் பற்றி ஒருமுறை சொன்னாள்: “அவருக்கு எடது காது கொஞ்சம் மேல இருக்கு. அதான் எப்பப் பாத்தாலும் மொறைக்கிற மாதிரி இருக்கு. மனுஷனுக்குக் கோவமே கெடையாது. கண்ணாடிதான் கோணல்.” அதற்கு மறுநாள் அவர் கண்ணாடியையும் வாங்கி நிமிர்த்திக் கொடுத்தாள். அதற்குப் பிறகும் அவர் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

டயாலிசிஸ் பிரிவில் எல்லாரும் அவளைக் கண்ணாடியம்மா என்கிறார்கள். அங்கே கண்ணாடி போட்டவர்களின் பாடு கஷ்டம். ஒரு கையில் ஊசி. அந்தக் கையை அசைக்கக்கூடாது. நாலு மணி நேரம் சாய்ந்தே கிடக்கும்போது கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துவிடும். அம்மா நாற்காலி நாற்காலியாகப் போய் அதை ஏற்றிவிடுவாள். அப்பா இருந்த காலத்திலேயே தொடங்கிய பழக்கம் இது.

அப்பா பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடுகிற வேலையில் இருந்தவர். படம் வரைகிறவர் அல்ல. இடது கையை இயந்திரத்தோடு கட்டிப்போட்ட பிறகு, சும்மா கிடந்த வலது கையை என்ன செய்வதென்று தெரியாமல் வரையத் தொடங்கினார். இயந்திரங்களுக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கக்கூடாது என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டதால் மெழுகு வண்ணக்குச்சிதான். மடியில் வைத்த பலகை அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் எல்லாப் படங்களும் மடித்த கைக்குட்டை அளவு. நாலாம் நாற்காலியிலிருந்து கண்ணுக்கு எட்டியவர்களை மட்டும் வரைந்தார். அதனால் வலப்பக்கம் இருந்தவர்களுக்கு எப்போதும் இடது கன்னம்தான் விழும். எதிரே இருந்தவர்களுக்கு முழு முகம். வரையப்பட்டவர்களில் சிலர் இப்போது இல்லை.

அவற்றில் ஐந்தாறை நர்ஸ்கள் ஆஸ்பத்திரி நடைபாதைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். உறவினர் ஒருவரைப் பார்க்க வந்த ஒரு ஓவியக் காட்சிக்கூடப் பொறுப்பாளர் அங்கே நின்றுவிட்டார். மிச்சத்தைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். ஒரு வாரம் கண்காட்சி வைக்கலாம் என்றார். கூடத்துக்கு நேரில் வருகிறவர்களுக்குச் சுவரில். வர முடியாதவர்களுக்கு இணையத்தில். இப்போதெல்லாம் இரண்டும் சேர்த்துத்தான் செய்கிறார்களாம். இணையத்தில் எந்த வடிவத்தில் காட்டுவது என்பதைக் குடும்பமே முடிவு செய்யலாம் என்றார். என்னைப் பார்த்து, “நீங்க இந்தத் துறையிலதானே இருக்கீங்க” என்றும் சொன்னார்.

நான் கட்டடங்களை லேசரால் அளக்கிறவள். முக்காலியில் கருவியை வைத்துவிட்டு விலகி நின்றால் அது சுற்றிச் சுழன்று சுவர், தூண், கூரை எல்லாவற்றையும் கோடிக்கணக்கான புள்ளிகளாக எழுதிக்கொள்ளும். பிறகு திரையில் அந்தக் கட்டடத்துக்குள் நடக்கலாம். அளக்கும்போது யாராவது குறுக்கே போனால் அவர்களும் புள்ளிகளாக விழுவார்கள். அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலை அவர்களை அழிப்பது. எங்கள் பேச்சில் அதற்கு இரைச்சல் நீக்குதல் என்று பெயர்.

தொடக்கத்துக்கு இரண்டு வாரம் முன்பே படங்களை மாட்டினார்கள்; அன்று கூடத்தை முழுவதுமாக அளந்தேன். அப்பாவின் ஒவ்வொரு படத்தையும் தனியாக, வண்ணக்குச்சியின் கீறல் தெரியும் அளவுக்கு நெருக்கமாகப் பதிவு செய்தேன். யாரும், எப்போதும், எங்கிருந்தும் அந்த அறைக்குள் நுழைந்து அப்பாவின் படங்களுக்கு நடுவே நடக்கலாம். வாரம் முடிந்து படங்களைக் கழற்றிய பிறகும் அறை இருக்கும். அப்பாவை வைப்பதற்கு எனக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து அம்மாவை அதற்குள் நடக்கவிட்டேன். அம்புக்குறி விசைகளை ஒற்றை விரலால் அழுத்தி மெதுவாகப் போனாள். படங்களைத் தாண்டினாள். நடுவில் இருந்த பெஞ்சிடம் நின்றாள். சுற்றிவந்து மறுபடி பெஞ்சுக்கே வந்தாள்.

“நான் எங்கடி?”

“என்னம்மா?”

“நீ அளக்கும்போது நான் இங்கதானே உக்காந்திருந்தேன். என் பை, நான், படம் மாட்டற அந்த ரெண்டு பேரு… யாரையுமே காணோம்.”

“அழிச்சிட்டேம்மா.”

“எதுக்கு?”

“அப்பிடித்தான் செய்வோம். ஆளு இருந்தா சுவரு சுத்தமா வராது.”

அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஆளே இல்லாத ஹாலா இருக்கே. கடையடைப்பு அன்னிக்கு உள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு.”

படம் ஒன்றின்மேல் அழுத்தச் சொன்னேன். டயாலிசிஸ் அறையில் அப்பாவுக்கு எதிரே இருந்த கணக்கு டீச்சரின் முகம் திரை முழுக்க விரிந்தது. அம்மா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“ஐயோ, இவ்ளோ பெரிசா? டீச்சர் பாத்தா பயந்துடுவாங்க. இத்துனூண்டு படம்டி அது.”

“பெரிசாக்கிப் பாக்கறதுக்குத்தாம்மா இது.”

“சரி. நான் சொல்லி என்ன. படத்துல இருக்கறவங்க பாத்துட்டுச் சொல்லட்டும்.”

அப்போதுதான் அவள் மனதில் இருந்தது எனக்குத் தெரிந்தது. கண்காட்சி யாருக்கு என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. பொறுப்பாளர் வெளிநாட்டுப் பார்வையாளர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். படங்கள் எத்தனை வருடம் நிலைக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா நினைத்தது அந்த ஒரு டயாலிசிஸ் அறையிலிருப்பவர்களை மட்டும். அவர்களால் கூடத்துக்குப் போக முடியாது. ஒரு நாள் இயந்திரம், மறுநாள் அதன் அசதி, அடுத்த நாள் மறுபடி இயந்திரம். தங்கள் முகம் ஒரு சுவரில் மாட்டப்பட்டிருப்பதை, அதை நாலு பேர் நின்று பார்ப்பதை, அவர்கள் பார்க்க வேண்டும். அதுவும் சீக்கிரம். டீச்சருக்கு இதயமும் பழுது என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார்.

வியாழக்கிழமை நானும் அம்மாவோடு போனேன். முதலில் பழக்கடைக்காரர். ஆறாம் நம்பர். ஊருக்கெல்லாம் வாழைப்பழம் விற்றுவிட்டு, தனக்கு ஒன்றுகூடச் சாப்பிட அனுமதி இல்லாதவர். “என் கடையிலயே எனக்குத்தான் தடை” என்று சொல்லிச் சிரிப்பவர். அப்பாவை ஆர்டிஸ்ட் சார் என்று கூப்பிட்டவரும் அவர்தான்.

அவர் போனிலேயே நான் அளந்த கூடத்தைத் திறந்து கொடுத்தேன். வலது கை ஒன்றில் போனையும் பிடித்து, கட்டைவிரலால் நடக்கவும் வேண்டும். போன் சூடானது. அறை தள்ளாடியது. அவர் திரும்ப நினைத்தால் கூரைக்குப் போனது. நிமிர்த்த நினைத்தால் முழு அறையும் பம்பரம்போல் சுற்றியது.

“அண்ணே, மெதுவா” என்றேன்.

“நான் மெதுவாத்தாம்மா இருக்கேன். ஹாலுதான் ஓடுது.”

சிரிக்கத் தொடங்கினேன். அவர் முகம் வெளுத்ததை அம்மாதான் முதலில் பார்த்தாள். போன் நழுவி மடியில் விழுந்தது. அம்மா நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே அவர் கால்களைத் தூக்கிப் பிடித்தாள். நர்ஸ் ஓடிவந்து நாற்காலியைப் படுக்கையாக்கி, இயந்திரத்தில் எதையோ குறைத்தாள். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. டயாலிசிஸ் நடக்கும்போது எப்படியும் இறங்கும். அந்த நேரத்தில் தலை சுற்ற வைத்தால் மளமளவென்று விழும்.

“யாரு இவருக்கு இதைக் காட்டினது?” என்று நர்ஸ் திரும்பினாள்.

“நான்தான்” என்றாள் அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள்.

நர்ஸ் அவளைத் திட்டினாள். அம்மா கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பழக்கடைக்காரர் கண்ணைத் திறந்து, “திட்டாதீங்க சிஸ்டர். கண்காட்சிய பாத்து மயங்கிட்டேன்னு எழுதிக்குங்க. ஆர்டிஸ்ட் சார் இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு” என்றார். அவர் குரலில் காற்றுதான் அதிகம் இருந்தது.

திரைக்குள் நடக்கும் அறையைக் கைவிட்டேன். சனிக்கிழமைக்குள் ஒரு எளிய பக்கம் செய்தேன். படங்கள் ஒன்றன்கீழ் ஒன்று. விரலால் தள்ளினால் போதும். எந்தப் பழைய போனிலும் திறக்கும். சுற்றாது, சூடாகாது. டீச்சரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை அம்மா ஏற்றிவிட்டாள். டீச்சர் மேலிருந்து கீழே ஒருமுறை தள்ளினார். நாலைந்து மூச்சு விடும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

“இவ்ளோதானா?”

“எல்லாப் படமும் இருக்கு டீச்சர்.”

“இருக்கு. அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவை வரிசையா ஒட்டின மாதிரி இருக்கு.” பிறகு போனை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்டார். “இது எத்தனை நாளைக்கு இருக்கும்?”

“எவ்ளோ நாளு வேணும்னாலும். நாம எடுக்கறவரைக்கும்.”

“நான் போன பிறகும்?”

நான் அவர் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டேன்.

“என்கிட்டப் படிச்ச பசங்க எங்கெங்கயோ இருக்காங்கம்மா. நான் எப்பிடி இருந்தேன்னு அவங்களுக்குத் தெரியும். என் பேரைத் தேடினா இந்த ஊசியோட, இந்த மூஞ்சியோட நான் வரணுமா? இந்த ஒரு வாரம் யாரு வேணும்னாலும் வந்து பாக்கட்டும். நான் உசிரோட இருக்கேன், சரி. அதுக்கப்புறமும் யாரோ தள்ளிக்கிட்டே இருக்கணுமா?”

“அப்பாவும் அதுல இருப்பாரு டீச்சர்” என்றேன். எப்படியோ வாய் தவறி வந்துவிட்டது.

அவர் என் கையைப் பிடித்தார். “அப்பா எந்தப் படத்துல இருக்காரு? எல்லாத்துலயும் நாங்கதானேம்மா இருக்கோம்.”

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். எதிரே ஒருவர் சாய்ந்த கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வாயைத் திறந்தாள்.

“நீ ஹால்ல நின்னு போன்ல காட்டு. நேரா. நடந்து போய் ஒவ்வொண்ணா காட்டு. நாங்க ஆஸ்பத்திரியில இருந்து பாக்கறோம். நில்லுன்னா நில்லு, பின்னாடி போன்னா போ.”

“லைவா?”

“பேரு எனக்குத் தெரியாது. வீடியோ கால் மாதிரி.”

“முடிஞ்சதும் ஒண்ணும் இருக்காதும்மா. பதிவு பண்ணலன்னா போச்சு.”

“பண்ணாத.”

“அப்ப அப்பா படத்தை யாரும் பாக்க வேணாமா? ஒரு வாரம் சுவத்துல இருந்துட்டு மறுபடி அலமாரிக்குப் போகணுமா?” என் குரல் உயர்ந்துவிட்டது. முன் சீட்டுக்காரர் திரும்பினார்.

அம்மா அவசரப்படவில்லை. “நீ எடுத்து வெச்சிருக்கற ஹாலு உன் மிஷின்ல இருக்கட்டும். உனக்கு வேணும்னா நீ போய் நடந்துக்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஊருக்குத் தெறந்து விடாத. அவங்க மூஞ்சிடி அது. நம்ம சொத்து இல்ல.”

காட்சிக்கூடப் பொறுப்பாளர் நல்ல மனிதர். மறுக்கவில்லை, வருத்தப்பட்டார். அவர் சொன்னதிலும் தவறில்லை. “அம்மா, லைவ்னா அந்த நேரத்தோட முடிஞ்சிடும். நாளைக்கு ஒரு பத்திரிகைக்காரரு கேட்டா காட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது. சார் யாருன்னு வெளிய தெரியறதுக்கு இது ஒரே வாய்ப்பு. அஞ்சு வருஷம் கழிச்சும் பாக்கற மாதிரி வெச்சா…”

“அஞ்சு வருஷம் கழிச்சு பாக்கலாம்னு சொல்றதுக்கு அங்க யாரு தம்பி இருக்காங்க?”

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு நிமிர்ந்து, “சரிம்மா. தொடக்கம் வர்ற சனிக்கிழமை. நீங்கதான் முதல்ல பேசணும். நாலு வார்த்தை போதும்” என்றார்.

“சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கே” என்றாள் அம்மா.

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். கணவரின் கண்காட்சித் தொடக்கத்துக்கு வர முடியாத அளவுக்கு அப்படி என்ன வேலை என்று அவர் கண் கேட்டது.

அலுவலகத்து டேப்லெட் ஒன்றை அம்மாவிடம் கொடுத்தேன். ஸ்டாண்ட் ஒன்றும் வாங்கினேன். ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு? எனக்குக் கை இல்லையா?” என்றாள்.

சனிக்கிழமை கூடத்தில் ஓரளவு கூட்டம் இருந்தது. நான் போனை மார்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு முதல் படத்தின் முன் நின்றேன். திரையில் டயாலிசிஸ் அறை வந்தது. கொஞ்சம் சாய்வாக, கொஞ்சம் நடுக்கத்தோடு. அம்மா டேப்லெட்டைத் தன் பக்கம் அல்ல, நோயாளிகள் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள். அவள் எனக்குத் தெரியவே இல்லை. அவள் குரல் மட்டும் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

“மொதல்ல ஆறாம் நம்பரு. மெதுவாப் போடி, அவரை மறுபடி மயங்க வெக்காத.”

பழக்கடைக்காரர் பார்த்தார். நான் அவருடைய படத்தைக் காட்டினேன். ஒருவர் இடையில் வந்து நின்றார்.

“அந்த மஞ்சச் சட்டைத் தம்பியக் கொஞ்சம் நகரச் சொல்லும்மா. என் மூஞ்சிய மறைக்கிறாரு.”

மஞ்சள் சட்டைக்காரர் திரும்பி என் பக்கம் வந்தார். போனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். “சார்… நீங்களா இது?”

“நான்தான். படத்துல கொஞ்சம் கலரா இருக்கேன், கண்டுக்காதீங்க.”

அவரைச் சுற்றி இன்னும் மூன்று நான்கு பேர் கூடிவிட்டார்கள். ஒரு பெண் பழக்கடைக்காரருக்கு வணக்கம் சொன்னாள். அவர் ஊசி இல்லாத கையை உயர்த்தினார். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டார். கூட்டத்தைச் சுற்றிக் காட்டினேன், மெதுவாக. “பரவால்லயே” என்றார். உயர்த்திய கையை இறக்காமலே வைத்திருந்தார்.

அடுத்து டீச்சர். அவர் திரைக்கருகே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார்.

“படத்துக்குப் பக்கத்துல உன் கைய வைம்மா. எவ்ளோ பெரிசுன்னு தெரியணும்.”

வைத்தேன். என் உள்ளங்கையும் டீச்சரின் முகமும் ஒரே அளவாக இருந்தன.

“ஆமா” என்றார். “இவ்ளோதான் இருந்தேன்.” பிறகு, “அந்த அம்மா யாரு, பக்கத்துல நிக்கறது? ரொம்ப நேரமா என்னையே பாக்கறாங்க.”

சுவரோரம் நின்றிருந்த வயதான பெண்மணி ஒருவர் அது தன்னைத்தான் என்று தெரிந்து போனருகே வந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என்ன பாடம் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று அவர் கேட்க, கணக்கு என்றார் டீச்சர். எனக்குக் கணக்கே வராது என்றார் அவர். “வராதுன்னு யாரு சொன்னது? சொல்லிக்குடுத்தவங்க சரியில்ல” என்று டீச்சர் தன் பழைய குரலில் அதட்டினார். பிறகு தளர்ந்து, “போதும்மா. அடுத்தவங்களுக்குக் காட்டு” என்றார்.

டேப்லெட் நாற்காலி நாற்காலியாக நகர்ந்தது. திரையில் ஒவ்வொரு முகமாக வந்தது. சிலர் சிரித்தார்கள். ஒருவர், தனக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்து இறந்துபோனவரின் படத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். அது முடிந்ததும் அம்மா நாலாம் நாற்காலிக்கு வந்தாள். அங்கே போர்வை மட்டும் தெரிந்தது.

“தம்பி, பாக்கறீங்களா? உங்க படம் இல்ல. சும்மா பாருங்க.”

போர்வை கொஞ்சம் இறங்கியது. இரண்டு கண்கள். நான் டீச்சரின் படத்துக்குத் திரும்பினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இந்தச் சேர்ல இருந்தா வரைஞ்சாரு?” அவர் குரலை அன்றுதான் நான் கேட்டேன்.

“ஆமா தம்பி.”

“இங்க இருந்து பாத்தா அவங்க இப்பிடித் தெரியமாட்டாங்களே.”

“பாருங்களேன்.”

அவர் தலையைத் தூக்கி எதிரே இருந்த டீச்சரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி டீச்சரைப் பார்த்தார். போர்வை தோள்வரை நழுவியது. அவர் அதை இழுக்கவில்லை.

“தெரியறாங்க” என்றார்.

யாரும் அவசரப்படவில்லை. கடைசியில் நான்தான் கேட்டேன். “அம்மா, நீ பாத்தியா?”

“எனக்கு என்னடி. எல்லாம் தெரிஞ்ச படம்தானே.” கொஞ்சம் நின்று, “அந்தக் கோடியில ஒண்ணு மாட்டினாங்களே” என்றாள்.

கோடியில் இருந்தது அப்பாவின் கடைசிப் படம். அம்மா உட்காரும் இடம் இயந்திரத்தின் பக்கம், ஊசி குத்திய கையின் பக்கம். அந்தப் பக்கம் திரும்பி வரைவது சிரமம் என்று அப்பா அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தார். படத்தில் இரும்பு ஸ்டூல் முழுசாக இருக்கிறது. மடியில் கோத்த இரண்டு கைகள் இருக்கின்றன. புடவையின் நீலம் கழுத்துவரை ஏறி வந்து அங்கே நின்றுவிடுகிறது. அதற்குமேல் வெறும் தாள்.

அதன் முன் போய் நின்றேன். போனை இரண்டு கையாலும் பிடித்தேன். மறுமுனையில் டேப்லெட் அசைந்தது. கூரை, விளக்கு, இயந்திரத்தின் கம்பி எல்லாம் கடந்து போயின. அம்மா அதைத் தன் பக்கம் திருப்பினாள். அவள் நெற்றியும் ஒரு புருவமும் வந்தன. ஒரு கண் வந்தது. அது என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தது.

பிறகு திரை சிவந்து கறுத்தது. அழைப்பு துண்டிக்கப்படவில்லை. இயந்திரங்கள் ஒலித்துக்கொண்டிருந்தன. பழக்கடைக்காரர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அம்மா கட்டைவிரலை வைத்து அந்தச் சின்னக் கேமராவை மூடிக்கொண்டிருந்தாள்.